தலைநம்பர் இல்லாத கார்டு

“எந்தம்பி பேரை எங்க புள்ள விட்ட?” என்று மாரித்தாய் சிசிலியிடம் கேட்டாள்.

விட்டவள் சிசிலிதான். எட்டாம் வகுப்போடு நின்றவளை அழகான கையெழுத்துக்காக எஸ்டேட் ஆபீசில் கூப்பிட்டிருந்தார்கள். பழைய ரிஜிஸ்டரில் குடும்பத்துக்கு ஒரு பக்கம். மேலே வேலைக்காரரின் பேரும் தலைநம்பரும், கீழே அவரை அண்டியிருப்பவர்கள். எழுபத்தாறில் எல்லாம் ஆளுக்கொரு கார்டாகி, கொச்சி ஹெட்டாபீசுக்குப் போய்க் கணக்கு மிஷினில் ஏறவேண்டும் என்றார்கள். “சிவப்புக்கோடு போட்டவங்க செத்தவங்க, அவங்களுக்குக் கார்டு வேண்டாம்” என்று கிளார்க் மத்தியாஸ் சொல்லியிருந்தார்.

பெரியமுத்துவின் பேரில் சிவப்புக்கோடு. அவனை விட்டுவிட்டு, அடியிலிருந்த அவன் அக்கா மாரித்தாய்க்கு மட்டும் கார்டு எழுதி, தலைநம்பர் 212 என்று போட்டாள். பழைய கிளார்க்குகள் செத்தவர் பேரைக் கோடு போட்டு அடிப்பார்களே தவிர, கீழே இருப்பவர்களைத் தொடமாட்டார்கள். பக்கம் இருக்கும்வரை டிஸ்பென்சரியில் மருந்து உண்டு. மிஷினுக்கு அந்த வழக்கம் தெரியவில்லை. தலைநம்பருக்குக் கார்டே இல்லையென்று ஏழு கார்டுகளைத் திருப்பிவிட்டது. ஆறு பேருக்கு மகனோ மருமகனோ வேலையில் இருந்தார்கள். அவர்கள் நம்பருக்கு மாற்றியாயிற்று. மாரித்தாய்க்கு யாருமில்லை. நேற்று இளைப்பு மருந்தும் கிடைக்கவில்லை. இன்று வெறும் பாட்டிலோடு ஆபீசுக்கு வந்து நின்றாள்.

“பெரியமுத்துவுக்கு ஒரு கார்டு எழுதிடட்டா மாமா?” என்று சிசிலி மத்தியாஸிடம் கேட்டாள்.

“எழுது. செத்தவன் ஏன் வேலைக்கு வரலன்னு கொச்சிக்காரன் கேப்பான். நீயே பதில் சொல்லு” என்றார் மத்தியாஸ்.

“அப்ப எங்கப்பா நம்பர்ல போட்டுருங்க. அக்கான்னு.”

“சூசையப்பனுக்கு அக்கா மாரித்தாயா? ஞானஸ்நானம் எப்ப ஆச்சு?”

“மிஷின் என்ன பூசைக்கா போகுது?”

மத்தியாஸ் சிரிக்கவில்லை. “உங்கப்பன் ஒத்துக்கிடணுமே.”

“காலைலயே கேட்டுட்டேன் மாமா.”

அவர் கார்டைத் தள்ளினார். சிசிலி 212-ஐ அழித்து அப்பாவின் நம்பர் 87-ஐ எழுதினாள். உறவு என்ற இடத்தில், சூசையப்பனின் அக்கா.

“வாசி” என்றாள் மாரித்தாய்.

வாசித்தாள்.

“அப்ப எந்தம்பி?”

“இதுல வரமாட்டாரு பெரியம்மா. மருந்து வரும்.”

மாரித்தாய் கார்டில் தம்பியின் நம்பர் அழிந்த இடத்தை விரலால் தொட்டாள். இளைப்பு நெஞ்சில் கீச்சிட்டது. பிறகு மையில் பெருவிரலைத் தோய்த்து, சிசிலி காட்டிய இடத்தில் அழுத்தினாள். விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு பாட்டிலை எடுத்தாள். சிசிலி எழுந்து நின்றாள்.

அவள் பக்கம் திரும்பாமல் மாரித்தாய் டிஸ்பென்சரிப் பாதையில் இறங்கிப் போனாள்.