பாதியில் மாற்றிய ஆயில்

சைலஸ் காரின் அடியில் மல்லாந்து படுத்திருந்தார். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் வெள்ளைச் சட்டையைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு, லுங்கியோடு உள்ளே நுழைந்துவிட்டார். பின் சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்திருந்தது. போல்ட்டின் கடைசிச் சுற்றை விரலால் திருகினார். சூடான ஆயில் கறுப்பாக, கயிறு மாதிரி, பேசினுக்குள் இறங்கியது.

பேசினைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தியிருந்தாள் அவர் மனைவி ஜெயசீலி.

"எனக்குத் தலைவலின்னா மாத்திரை வாங்கியார நாலு தபா சொல்லணும். இதுக்கு மட்டும் கேக்காமயே வைத்தியம் நடக்குது."

"உனக்கு வாய் கீது, சொல்ற. இது இன்னா பண்ணும் பாவம்?"

"ஆமா, பாவம். இத்தையே கட்டிக்கினு இருந்திருக்கலாம்."

"இது இட்லி சுடாதே சீலி."

அவள் சிரித்ததில் பேசின் ஆடி, ஒரு சொட்டு அவர் முழங்கையில் விழுந்தது. "ஆடாம புடி!" என்று கத்தினார். அவள் இன்னும் சிரித்தாள்.

கார் அவருடையதில்லை. பெங்களூரில் ஒரு டிராவல்ஸ் கம்பெனியுடையது. விடிவதற்குள் தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் கிளம்பி, ஆபீஸ் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய், பகலெல்லாம் சிட்டியில் ஓட்டி, பொழுது சாய்ந்ததும் அதே ஆட்களைத் திரும்பக் கொண்டுவந்து விடுவார். கார் அவர் வீட்டு வாசலிலேயே நிற்கும். ஆயிலை எப்போது மாற்றுவது என்பதைக் கம்பெனியின் ஆப்தான் சொல்லும். பத்தாயிரம் கிலோமீட்டர் ஆனால் போனில் சிவப்பு விளக்கு வரும். அப்போது கம்பெனி ஷெட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அதுவரை பானட்டைத் தொடக்கூடாது.

சைலஸுக்கு அந்த விளக்கின் மேல் நம்பிக்கை கிடையாது. பொதுவாகவே, முகம் இல்லாத எதன் மேலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. பெங்களூர் நெரிசலில் வண்டி நகராமல் நிற்கும், ஏசிக்காக இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும், கிலோமீட்டர் ஏறாது. ஊருக்குத் திரும்பினால், காற்று வீசும் மாதங்களில், சுரங்கக் கழிவு குவிந்த சைனைட் மேட்டுப் புழுதி மாவு சலித்த மாதிரி வண்டி மேல் வந்து உட்காரும். அதனால் பத்தாயிரம் ஆகக் காத்திருக்காமல் பாதியிலேயே, தன் கைக்காசில், தானே ஆயில் மாற்றிவிடுவார்.

வாலிபத்தில் அவர் நந்திதுர்க் சுரங்கத்துக்குள் பம்ப் ஓட்டியவர். அங்கே யாரையும் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது. ஆயில் கறுத்திருந்தால் அந்த ஷிப்ட் ஆள் மாற்றிவிட வேண்டும். பம்ப் நின்றால் தண்ணீர் ஏறும், கீழே லெவலில் ஆள் இருப்பான். மேலே வந்த பிறகு மேஸ்திரியிடம் வாயால் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சுரங்கத்தை மூடி இத்தனை வருஷம் ஆகியும் பழக்கம் போகவில்லை. போன தடவை மாற்றியபோது யார்டில் சூப்பர்வைசர் கணேஷ்குமாரிடம், "சார், ஆயில் கறுத்துப்போச்சு, மாத்திட்டேன்" என்றார். போனில் பேசிக்கொண்டிருந்த கணேஷ்குமார் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். சொல்லியாகிவிட்டது என்று சைலஸ் வந்துவிட்டார்.

புது ஆயிலை ஊற்றி முடிக்கும்போது திலீப் வந்தான். அடுத்த லைன் வீடுகளில் இருப்பவன். அதே கம்பெனியில் டிரைவர்.

"இன்னாண்ணா, மறுபடியும் குளிப்பாட்றியா? என் வண்டிக்கு ஆப் சொன்னாதான் ஆயிலு. நல்லாத்தான ஓடுது?"

"ஓடும் ஓடும். நிக்கறப்ப என்னைக் கூப்பிடாத."

"அண்ணி, இந்த ஆளு உன்னைக் காட்டியும் வண்டியத்தான் நல்லா பாத்துக்கிறாரு."

"அத்தத்தான்பா காலையில இருந்து நானும் சொல்லிக்கினு கீறேன்" என்றாள் ஜெயசீலி.

பழைய ஆயிலை வீணாக்குவது அந்தப் பக்கம் வழக்கமில்லை. கறையான் ஏறும் மரத்துக்குப் பூச அதைவிட நல்லது எதுவும் இல்லை என்று ஆளாளுக்கு வந்து கேட்பார்கள். இந்த முறை சர்ச்சில் சொல்லிவைத்திருந்தார்கள். பிள்ளைகள் வேதபாடம் படிக்கும் அறையின் கூரைக் கட்டைகளில் கறையான். சாப்பிட்டுவிட்டு மூவரும் கேனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சைலஸ் ஏணியில் ஏறிப் பூசினார். ஜெயசீலி ஏணியைப் பிடித்துக்கொண்டு, "அந்த மூலை விட்டுப்போச்சு, கண்ணு தெரியலியா?" என்று கீழிருந்து மேஸ்திரி வேலை பார்த்தாள். திலீப் போட்டோ எடுத்தான். கையில் பிரஷ், தோளில் கறுப்பு வழிய, சைலஸ் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

திலீப்புக்கு அந்தப் படம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. டிரைவர்கள் குரூப்பில் போட்டுவிட்டான். கீழே எழுதினான்: 'சைலஸ் அண்ணன் கம்பெனி ஆயில், கர்த்தர் வீட்டுக் கூரைக்கு!' எல்லாரும் சிரிக்கிற பொம்மைகளை அனுப்பினார்கள். அந்த குரூப்பில் கணேஷ்குமாரும் இருந்தார்.

பொழுது சாய்வதற்குள் சைலஸின் போனுக்குச் செய்தி வந்தது. நாளை ஆட்களை இறக்கியதும் வண்டியோடு யார்டுக்கு வரவும்.

ஜெயசீலி அதை வாங்கி இரண்டு முறை படித்தாள். "எதுக்கு வரச் சொல்றாங்க?"

"ஆயில் மாத்தனதுக்கு இருக்கும். நல்லதுதான பண்ணோம், சொல்லிக்கலாம்."

"இந்த வயசுல வேற எவன் உங்களை நம்பி வண்டி குடுப்பான்? அடங்கிப் பேசுங்க. உங்க வாயி வேணாம்."

மறுநாள் யார்டில் கணேஷ்குமார் அவரை உட்காரச் சொன்னார். கெட்ட மனுஷன் இல்லை. டீ கூட வரவழைத்தார்.

"நம்ம ஷெட்டுல போட்டது நல்ல ஆயில் சைலஸ். அத்தைப் பாதியில எதுக்கு எறக்கினீங்க? நல்லதை வித்துட்டு மட்டமானதை ஊத்தறாங்கன்னு மேல பேசறாங்க. போன வருஷம் ரெண்டு பேர் அப்படிப் பண்ணாங்க."

"சார், கறுத்துப்போன ஆயில். போட்டோவுலயே தெரியுதே. அத்தை எவன் வாங்குவான்?"

"போட்டோவுல கம்பெனி ஆயில்னுதான எழுதிக் கீது?"

"அது திலீப் விளையாட்டுக்கு எழுதினது. நான் உங்களாண்ட அப்பவே சொன்னேனே, இங்கயே நின்னு."

கணேஷ்குமார் யோசித்துப் பார்த்தார். உண்மையிலேயே ஞாபகம் வரவில்லை. "வாயால சொல்றதெல்லாம் இங்க செல்லாது சைலஸ். ஆப்ல கேட்டிருக்கணும். இப்ப எங்கயோ போல்ட்டைக் கழட்டினதால வாரண்டியும் போச்சுங்கறாங்க. என் கையில இல்ல."

சைலஸுக்கு வாய் துறுதுறுத்தது. ஜெயசீலி சொன்னதை நினைத்து அடக்கிக்கொண்டார். "என் இன்ஜினை ஒரு தபா ஸ்டார்ட் பண்ணிக் கேளுங்க சார். அப்புறம் பேசுங்க" என்று மட்டும் சொன்னார்.

கணேஷ்குமார் எழுந்து வந்து நிஜமாகவே ஸ்டார்ட் செய்தார். காது கொடுத்துக் கேட்டார். "வண்டி நல்லா கீது" என்று ஒப்புக்கொண்டார். பிறகு சாவியை உருவி, தன் ஆட்களை இறக்கிவிட்டு யார்டில் நின்றிருந்த திலீப்பைக் கூப்பிட்டார். "அதே ஊரு, அதே ரூட்டு. இன்னிக்கு இருந்து இத்தை நீ எடு. உன் வண்டிக்கு வேற ஆள் போட்டுக்கறேன்."

திலீப் கையை நீட்டவில்லை. "அண்ணா, நான் சும்மா தமாசுக்கு... கர்த்தர் சத்தியமா."

"தெரியும்டா."

"நான் எடுக்க மாட்டேன்."

"நீ எடுக்கலன்னா எவனோ ஒரு முரடன் எடுப்பான். வாங்குடா சாவியை" என்றார் சைலஸ். கணேஷ்குமார் கையிலிருந்து வாங்கி அவரே அவன் சட்டைப் பையில் போட்டார். "காலையில கொஞ்ச நேரம் ஓட விட்டு எடு. ஏறினதும் மிதிக்காத."

தன் சாமான்களை எடுத்துக்கொண்டார். ஜெயசீலி பழைய புடவையில் தைத்துக் கொடுத்த சீட் மெத்தை, துடைக்கிற துணி, சாப்பாட்டுப் பை. ரயில் பிடிக்க கேட் பக்கம் நடந்தார். தினமும் அவருக்கு வணக்கம் வைக்கிற காவலாளி இன்று குறுக்கே வந்து நின்றான்.

"பையைப் பாக்கணும் சார். ஆயில் சமாச்சாரமாம், பார்த்து அனுப்பச் சொல்லிட்டாங்க."

சைலஸ் பையைக் கொடுத்தார். அவன் மெத்தையை அழுத்திப் பார்த்தான். டிபன் பாக்ஸைத் திறந்து மூடினான். அடியில் இருந்த பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தான். திருப்தியாகவில்லை. உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, கட்டைவிரலால் தேய்த்தான்.

மோர். ஒரு கறிவேப்பிலை அவன் விரலில் ஒட்டிக்கொண்டு நின்றது.