ஈரச் சுண்ணாம்பில் ஒரு கால்

வேனில் ஆறு பேர். ஓட்டுநர், அவருக்குப் பக்கத்தில், மடியில் வரைபடத்தோடு பேராசிரியை, நடு இருக்கையில் ஜன்னலோரம் அவள், அவளுக்கு இந்தப் பக்கம், காலை மடக்க இடமில்லாமல் ஒட்டகம், கடைசி இருக்கையில், ஏறியதுமே தூங்கிப்போன இரண்டு பேர். ஒட்டகம் என்பது வகுப்பு வைத்த பெயர். உயரம் அப்படி.

பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் படிப்புக்காக அவள் வெளிநாடு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அன்றைய பட்டியலில் இரண்டு கோயில்கள், ஓர் ஓவியக்கூடம். அவளுக்கும் ஒட்டகத்துக்கும் முக்கியம் இரண்டாவது கோயில்தான். அங்குள்ள பழுதுபார்ப்புப் பட்டறையில் விடுமுறைப் பயிற்சிக்கு ஒரே ஓர் இடம். இருவருமே விண்ணப்பித்திருந்தார்கள்.

"உனக்குக் கிடைச்சா விருந்து வைப்பியா?" என்றாள்.

"வைப்பேன். உனக்குக் கிடைச்சா ஓரமா உட்கார்ந்து அழுவேன்."

முதல் கோயிலும் ஓவியக்கூடமும் மதியத்துக்குள் முடிந்தன. இரண்டாவது கோயிலில் செருப்பை விட்டு உள்ளே போனதும் தரையில் அம்புக்குறி. அந்த ஊர் வழக்கப்படி வலப்புறம் போகச் சொன்னது. எல்லோரும் போனார்கள். தூண் ஒன்றின் இணைப்பைப் பார்த்தபடி அவள் பின்தங்கினாள். நிமிர்ந்தபோது கால் தானாக இடப்புறம் திரும்பியது. சன்னிதி வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும் என்று நடக்கப் பழகிய நாளிலிருந்தே அந்தக் காலுக்குத் தெரியும்.

பின்பிராகாரத்தில் புதிதாகச் சுண்ணாம்புத் தரை போட்டிருந்தார்கள். தடுப்புக் கயிறு, ஆட்கள் வரும் எதிர்ப்பக்கத்தில் மட்டும் கட்டியிருந்தது. மூன்றாவது அடியில் கால் வழுக்க, ஈரம் காயாத தரை முழ நீளத்துக்கு இழுபட்டது. வந்த வழியே திரும்பி, குழாயில் காலைக் கழுவிக்கொண்டு கூட்டத்தோடு சேர்ந்துகொண்டாள்.

பத்து நிமிடத்தில் பட்டறை மேற்பார்வையாளர் சாவிக்கொத்தோடு வந்தார்.

"யாருப்பா உள்ள போனது? நாலு நாள் வேலை போச்சு!"

அவர் கண் ஒட்டகத்தின் கால்சட்டை விளிம்பில் நின்றது. அங்கே வெள்ளை.

"ஐயா, வாசல்ல சுண்ணாம்பு மூட்டை மேல உட்கார்ந்துதான் சாக்ஸ் கழட்டினேன். அதுல ஒட்டினது."

"கயித்துக்கிட்ட நின்னு எட்டிப் பார்த்தது நீதானே?"

"பார்த்தேன். இந்தக் கழுத்தை வெச்சுக்கிட்டு உள்ள வேற போகணுமா ஐயா?"

யாரும் சிரிக்கவில்லை. அவள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டு, கழுவிய காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். பேராசிரியை மன்னிப்புக் கேட்டு முடித்துவிட்டார்.

திரும்பும் வழியில் பேராசிரியை தலையைத் திருப்பாமலே சொன்னார்: "அவன் பேரை அடிச்சுட்டாங்க. இனி நீ ஒருத்திதான். திங்கக்கிழமை மதியம் முடிவு."

"நல்லதுதான்" என்றான் ஒட்டகம். "எனக்குச் சுண்ணாம்பு ஒத்துக்காது." ஈரக் கைக்குட்டையால் கால்சட்டை விளிம்பைத் தேய்த்துக்கொண்டே வந்தான். விடுதி வரும்வரை தேய்த்தான்.

அறைக்கு வந்ததும் அம்மாவின் அழைப்பு.

"கோயிலைச் சுத்தி வந்தியாடி?"

"வந்தேம்மா."

"ஒழுங்கா வலமா வந்தியா?"

"வலமாத்தான் வந்தேன்."

போனை வைத்துவிட்டுத் தாளை எடுத்தாள். அந்தக் கோயில் அலுவலகத்துக்கு எதுவானாலும் தபாலில்தான் வர வேண்டும். முதல் தாளில் அம்புக்குறியைப் பற்றியே அரைப் பக்கம் போனது, கிழித்தாள். இரண்டாவதில் மன்னிப்பு ஐந்து இடத்தில் வந்தது, அதையும் கிழித்தாள். மூன்றாவதில் நான்கே வரி: தரையில் கால் வைத்தது தான், அவன் கயிற்றைத் தாண்டவில்லை, கேட்டபோது சொல்லாதது தன் குற்றம், தன் பெயரை நீக்கி அவன் பெயரைச் சேர்க்க வேண்டும். கையெழுத்திட்டு, தேதி போட்டு, உறையை ஒட்டி, விளிம்பை நகத்தால் அழுத்தித் தேய்த்தாள்.

தெருமுனையில் தபால்காரர் பெட்டியைத் திறந்து அள்ளிக்கொண்டிருந்தார்.

"திங்கக்கிழமை காலைல போய்ச் சேர்ந்துடுமா?"

"சேரும். போடும்மா."

அவர் விரித்துப் பிடித்த பைக்குள்ளேயே போட்டாள். பையின் வாயைக் கட்டி, தோளில் ஏற்றிக்கொண்டு அவர் போனார்.