பின் சீட்டு பிரேக்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். பயிற்சிக் காரில் என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் சுவரைப் பார்த்துப் பாய்ந்தாலும் நான் பாட்டுக்கு மிதித்துவிட்டு, "பரவாயில்ல, மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க" என்பேன். அப்படிப்பட்டவளை என் வீட்டுக்காரர் இரண்டு பேர் ஓட்டும் சைக்கிளில் பின் சீட்டில் உட்கார வைத்தார். பின் சீட்டில் பெடல் உண்டு. ஹாண்டில் திரும்பாது, பிரேக் கிடையாது. எதிரே தெரிவது அவர் முதுகு மட்டும்தான்.

அவருடைய சைக்கிள் கூட்டம் வருஷா வருஷம் ஒரே நாளில் மூன்று மலைகளை ஏறி இறங்கும். இந்தத் தடவை நானும் வருகிறேன் என்றது ஆசையால் இல்லை. ஒரு மாதமாக அவருக்குத் தலை கிறுகிறுக்கிறது. குளியலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதை என் கண்ணாலேயே பார்த்தேன். அவர் லிஃப்ட் ரிப்பேர் செய்பவர். டாக்டர் ஒரு வரி எழுதிவிட்டால் உயரத்தில் ஏற விடமாட்டார்கள். அதனால் ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மலைக்கும் போயே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். கூடவாவது இருப்போம் என்று கிளம்பினேன்.

முதல் மலை நல்லபடியாகப் போனது. எங்கள் இருவர் பெடலையும் ஒரே செயின் இணைக்கிறது, ஒருவர் ஏமாற்றினால் மற்றவருக்குத் தெரிந்துவிடும். இரண்டாவது ஏற்றத்தில் பெடல் எனக்குக் கனத்தது.

"மிதிக்கிறீங்களா, இல்ல சும்மா வர்றீங்களா?"

"உனக்கு மூச்சு வாங்குது, என்னைச் சொல்றியா?"

உச்சியில் எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கூட்டத்தின் மெக்கானிக்கிடம் போனேன். இவருடைய பள்ளிக்கூட நண்பர். பட்டப்பெயர் ஸ்பேனர்.

"அண்ணே, பின்னாடி எனக்கும் ஒரு பிரேக் மாட்டித் தாங்க."

"மாட்டிட்டா போச்சு. பழைய பிரேக் பிடி ஒண்ணு பையில கிடக்கு."

என் வீட்டுக்காரரும் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அவருக்கு உதவினார். அவரை அவ்வளவு நல்லவராகப் பார்த்து நாளாகியிருந்தது. மனசு நிறைந்து போய் ஏறி உட்கார்ந்தேன்.

இறக்கத்தில் காற்று காதை அடைத்தது. மிதிக்கத் தேவையில்லாததால் இருவரும் பெடலைச் சமமாக நிறுத்தி வைத்திருந்தோம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. கொண்டை ஊசி வளைவு கண்ணில் பட்ட நேரம் பெடல் தானாகக் கீழே இறங்கியது. அவர் காலின் பாரம். தலை தொங்கிவிட்டது.

பிடியை அழுத்தினேன். விழப்போகிற பல் மாதிரி ஆடியது, வண்டியின் வேகம் குறையவில்லை. என் வலது கால் பழக்க தோஷத்தில் இல்லாத பிரேக்கைத் தேடி மிதித்தது. வாய்விட்டு அலறினேன். எங்களைத் தாண்டிப் போனவர் நான் குஷியில் கூவுகிறேன் என்று நினைத்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். கடைசியில் என் வீட்டுக்காரர் முதுகில் ஓங்கிக் குத்தினேன். அவர் துள்ளி விழித்துப் பிரேக்கைப் பிடித்தார். ஓரக் கல்லை உரசிக்கொண்டு நின்றோம்.

"ஏம்மா குத்துற? அதான் பிரேக் இருக்குல்ல, பிடிக்க வேண்டியதுதானே?" என்று சிரித்தார். பின்னால் வந்து இறங்கிய ஸ்பேனரைப் பார்த்துக் கண்ணடித்தார்.

ஸ்பேனர் தரையைப் பார்த்தார். "இவன்தாம்மா வயர் வேணாம், சும்மா பிடியை மட்டும் மாட்டு, அவ மனசுக்கு ஆறுதலா இருக்கும்னான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்களுக்குத் தலை தொங்கிப் போச்சுங்க. ரெண்டு பேரும் செத்திருப்போம்!"

"எனக்கா? எப்போ?"

பொய் சொன்னால் மூக்கைச் சொறிவார். சொறியவில்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை.

"நம்ம கூட்டத்துக்குப் பின்னாடி வர்ற வேன்ல ஏறிடலாம்ங்க. கெஞ்சிக் கேக்கிறேன்."

"இன்னும் ஒரே மலை. நீ வேணா வேன்ல வா, நான் தனியா ஓட்டிக்கிறேன்."

"அண்ணே, நீங்களாவது சொல்லுங்களேன்."

"நல்லாத்தானேம்மா பேசுறான்."

"அப்ப அந்த வயரையாவது மாட்டுங்க."

"அவ்வளவு நீள வயர் என்கிட்ட இல்லம்மா."

அதற்குள் என் வீட்டுக்காரர் காலைத் தூக்கிப் போட்டு முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். பின் சீட்டு காலியாக இருந்தது. நான் போகாவிட்டால் அவரைக் குத்துவதற்குக்கூட ஆள் இல்லை. ஏறினேன். ஒரு கையால் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு கை சொன்னால் கேட்கவில்லை. அந்தப் பிடியை அழுத்திக்கொண்டே வந்தது.