வட்டத்துக்குள் ஒரு மீசைக்காரர்

கும்மிடிப்பூண்டி பஜாரில் பிளெக்ஸ் கடை வைத்திருக்கும் துர்காதேவி ஒன்பது வருடமாகப் படம் சுட்டுத்தான் பிழைக்கிறாள். இணையத்தில் யாரோ எடுத்த படத்தை இறக்கி, குறுக்கே ஓடும் கம்பெனிப் பெயரை அழித்துவிட்டு, காதுகுத்துக்கும் கருமாதிக்கும் அச்சடித்துத் தருவாள். வெட்கமெல்லாம் கிடையாது. ஊரில் எல்லாக் கடையும் அதைத்தான் செய்கிறது.

பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பத்திலிருந்து பூவராகவன் வந்தார். மீனவர் கூட்டுறவு சங்கத் தலைவர் பதவிக்கு நிற்கிறார். உச்சியில் வட்டத்துக்குள் ஒரு பெரிய தலை இல்லாவிட்டால் நம் ஜனங்கள் பேனரைப் பேனராகவே மதிப்பதில்லை.

"எதுத்து நிக்கிற குப்பாயி அவ அப்பன் போட்டோ போட்டுக்கினா. எங்க ஊட்ல ஒரு போட்டோவும் இல்ல. நல்ல மீசையா ஒரு தாத்தாவப் போட்டுடு துர்கா."

துர்காதேவி தேடினாள். ஏதோ வெளிநாட்டு அருங்காட்சியகம் தன்னிடமிருந்த பழைய படங்களையெல்லாம் இணையத்தில் திறந்துவிட்டிருந்தது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், காசும் வேண்டாம், கேட்கவும் வேண்டாம். அழிக்க ஒரு எழுத்துகூட இல்லாத படத்தைப் பார்த்ததும் அவளுக்குக் கையே ஓடவில்லை. பழவேற்காடு என்று தேடியதில் முறுக்கு மீசையும் முண்டாசுமாக ஒருவர் கிடைத்தார். கீழே இங்கிலீஷில் நீளமாக ஏதோ இருந்தது. படத்தில் இருக்கும் எழுத்தை அழித்துத்தான் அவளுக்குப் பழக்கம், படித்துப் பழக்கமில்லை.

பேனர் எழுந்தது. மூன்றாம் நாள் பூவராகவன் அதற்கு மாலை போட்டார். நான்காம் நாள், மூக்கு அப்படியே தன்னுடையது என்று சொல்லித் திரிந்தார். ஐந்தாம் நாள் குப்பாயி கடைக்குள் புயலாக நுழைந்தாள். பின்னாலேயே பூவராகவன்.

"அது எங்க தாத்தா! நெத்தியப் பாரு, எங்க அப்பன் நெத்தி. இந்தாளுக்கு எப்புடிக் குடுத்த?" என்றாள் குப்பாயி.

"இன்னாது, உங்க தாத்தாவா? என் ரத்தம்மே அது!" என்றார் பூவராகவன்.

யார் தாத்தா என்று இப்போதே காட்டு, இல்லாவிட்டால் குப்பத்துக் கல்யாணம், காதுகுத்து அத்தனையும் எளாவூர்க் கடைக்குப் போகும் என்று இருவரும் மிரட்டினார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை. குப்பத்து வேலை போனால் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

வேறு வழியில்லாமல் அந்தப் பக்கத்தைத் திறந்து, போனிலேயே தமிழாக்கிச் சத்தமாகப் படித்தாள். "பழவேற்காட்டுக் கைதி. அடுத்தவர் வலையைத் திருடியதற்காக எட்டு மாதச் சிறை. பெயர் தெரியவில்லை."

கொலை செய்தவனுக்குக்கூட அந்தக் குப்பத்தில் பெண் கிடைக்கும். வலை திருடியவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைக்காது.

"ஐய, அது எங்க நெத்தி இல்லப்பா. மூக்கு உங்களுதுதான்," என்றாள் குப்பாயி.

"மூக்கு கெடக்குது. நெத்திதான் முக்கியம். நீயே வச்சிக்கம்மே."

கிளம்பும்போது இரண்டு பேரும் தனித்தனியாக அவள் காதைக் கடித்தார்கள். "குப்பத்துல மூச்சு வுட்டுறாத துர்கா. இனிமே எல்லா வேலையும் உன்கிட்டதான்."

பூவராகவன் கழற்றி அனுப்பிய பேனர் கடை மூலையில் கிடந்தது. துர்காதேவிக்கு அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்தும் எடுக்க ஆளில்லை. அவர் திருடியது ஒரு வலை. தான் சுட்டது எத்தனை படம் என்று அவளுக்கே தெரியாது. வட்டத்தை வெட்டியெடுத்துத் தன் கடை போர்டின் உச்சியில் ஒட்டினாள்.

மறுநாள் வந்த வாடிக்கையாளர் ஒருவர் அண்ணாந்து பார்த்து, "யாரு மேடம் இது?" என்றார்.

"எங்க தாத்தா," என்றாள் துர்காதேவி. ஒன்பது வருடத்தில் அவள் சுடாமல் எடுத்த ஒரே படம் அதுதான்.