வல்போனா கப்பலில் போன கதை

1.

இந்தக் கதை ஒரு துண்டுப்பிரசுரத்தில் தொடங்கியது. உள்ளதை முதலே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் கண்டுபிடித்துக் கேட்கக் கூடாது. எங்கள் நகரத்து ரயில் நிலையத்தில் அதை இலவசமாக அடுக்கி வைத்திருப்பார்கள். 'பார்க்கவும் செய்யவும் பத்து.' மரப்பாலம், பழைய மதில், மணிக்கூட்டுக் கோபுரம், ஏரி, ஏரியில் நீராவிக் கப்பல். முன்பக்கத்தில் ஒரு அன்னம். அன்னத்துக்குப் பின்னால் பல் முழுக்கத் தெரியச் சிரிக்கும் ஒரு குடும்பம்.

அதைக் கையில் எடுப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அன்று பின்னேரமே பஸ் ஏறிப் போய்விடுவார்கள். ஒருத்தி மட்டும் அதைப் பரீட்சைக்குப் பாடமாக்கினாள். அவள் இருபத்திரண்டு வருடமாக இங்கேயே இருப்பவள்.

நகரத்தின் பெயரை முதல் வரியில் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். பாலத்தை ஒரு ஊரிலிருந்தும் கோபுரத்தை இன்னொரு ஊரிலிருந்தும் கழற்றி ஒட்டியிருக்கிறேன். இது எங்கட ஊரல்லோ என்று ஒருவரும் சண்டைக்கு வரக்கூடாது பாருங்கோ. சுவிஸில் ஏரிக்கா பஞ்சம்?

2.

முதலாவது ஆரம்பம்: "ஏரியின் மேல் பனிப்புகார் மெல்ல விலகிக்கொண்டிருந்த காலையில் வல்போனா பெரிஷா—"

வேண்டாம். புகார் விலகினால் என்ன, விலகாவிட்டால் என்ன. காலையில் அவள் முதியோர் இல்லத்தில் உடுப்புத் தோய்க்கும் அறையில் நிற்பாள். அங்கே ஜன்னல் கிடையாது. பக்கத்து மெஷினில் நிற்பவள் நான், எனக்குத் தெரியாதா?

இரண்டாவது ஆரம்பம்: "தம்பியை ஆறு கொண்டுபோன நாளிலிருந்து வல்போனாவுக்குத் தண்ணீர் என்றால்—"

இதை நாலு பக்கம் எழுதினேன். ஒரு பெண் இத்தனை வருடம் ஏரிக்கரையில் இருந்துகொண்டு ஒரு தடவைகூடக் கப்பலில் ஏறவில்லை என்றால், அதற்கு ஒரு சோகமான காரணம் வேண்டாமா? அவளுக்குத் தேவையில்லாவிட்டாலும் கதைக்குத் தேவை. அதனால் அவள் பிறந்த கொசோவோவில் ஒரு ஆற்றைத் தேடிப் பிடித்தேன், ஒரு தம்பியை அதில் தாழவிட்டேன், எழுதும்போது நானே அழுதேன். வேலை இடைவேளையில் அவளுக்குச் சொல்லிக் காட்டினேன். வல்போனா சிரித்த சிரிப்பில் கோப்பி மூக்கால் வந்தது.

"எனக்குத் தம்பிமார் ரெண்டு பேர். ரெண்டு பேரும் ஜெர்மனியில, ஸ்ருட்கார்ட்டில நல்லா உருண்டையா இருக்கிறாங்கள். தண்ணிக்குள்ள தள்ளினாலும் மிதப்பாங்கள்."

"அப்ப ஏனடி நீ கப்பலில ஏறேல்லை?"

"ஒரு கரையில ஏறி, ஒரு சுத்துச் சுத்திப்போட்டு, அதே கரையில வந்து இறங்கிறதுக்கு என்னத்துக்குக் கப்பல்? கலியாணம் கட்டி இஞ்ச வரேக்க ஒரு நாள் முழுக்க பஸ்ஸுக்குள்ள இருந்து வந்தனான், இன்பா. அதோட சும்மா சுத்துற பயணம் காணும் எண்டு விட்டிட்டன்."

அவ்வளவுதான் காரணம். இதை வைத்துக்கொண்டு நான் என்ன இலக்கியம் செய்ய?*

* இவர்கள் எல்லாரும் கதைப்பது சுவிஸ் டொச்சில், அதாவது இந்த நாட்டு ஜெர்மன் மொழியில். நான் எழுதுவது என் ஊர்ப் பேச்சில். இனி வரப்போகும் ஹெர் அம்ரைன் "எண்டு" சொல்வதைக் கேட்க எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனால் வேறு விதமாகக் கதைத்தால் அவர் குரல் எனக்குக் கேட்காது. ஹெர் என்றால் திரு, ஃப்ராவ் என்றால் திருமதி. இன்னொன்று, எங்கள் கட்டடத்தில் ஒருவருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. அந்தத் துணிவில்தான் எழுதுகிறேன்.

3.

கதைக்கு ஒரு கெட்டவன் வேண்டும். என்னிடம் இருப்பது ஹெர் அம்ரைன்.

கட்டடத்தின் கீழே நான், நடுவில் அம்ரைன், மேலே வல்போனா. ஓய்வுபெற்ற மனிசன். உடுப்புத் தோய்க்கும் நாள் யாருக்கு எது என்று அட்டவணை போட்டு ஒட்டுவது அவர். ஞாயிற்றுக்கிழமையில் போத்தலைக் குப்பைத் தொட்டிக்குள் போட்டுச் சத்தம் கேட்டால் ஜன்னலைத் திறந்து "ஞாயிறு!" என்று ஒரு சொல் மட்டும் சொல்லுவார். முதல் வரைவில் இவரை நல்ல வில்லனாக்கி வைத்திருந்தேன். மெல்லிய உதடு, குளிர்ந்த கண், எல்லாம் கொடுத்தேன்.

ஆனால் வல்போனாவின் கடைக்குட்டியின் சைக்கிளைத் திருத்திக் கொடுத்தவர் யார்? அவள் புருஷன் அக்ரோனுக்கு நெஞ்சு நோ வந்தபோது காரில் ஏற்றிக்கொண்டு ஓடியவர் யார்? புரட்டாதி மாதத்தில் எல்லார் கதவுக் கைபிடியிலும் பேரிக்காய்ப் பை தொங்கவிடுகிறவர் யார்? எல்லாம் இந்த விசர் மனிசன்தான். வில்லன் பேரிக்காய் கொண்டுவந்தால் கதை என்னத்துக்கு ஆகும்!

அம்ரைன் நகரத்தின் குடியுரிமைக் குழுவில் ஒரு உறுப்பினர். பாஸ்போர்ட் கேட்பவர்களைக் கூப்பிட்டு மேசைக்கு முன்னால் இருத்தி, ஊரைப் பற்றிக் கேள்வி கேட்கும் குழு. வல்போனா விண்ணப்பம் போட்டதும் அவரே வந்து கதவைத் தட்டினார்.

"ஃப்ராவ் பெரிஷா, பயப்பிடாதேங்கோ. நான் சொல்லித் தாறன்."

அக்ரோனும் பிள்ளைகளும் முதலே பாஸ்போர்ட் எடுத்துவிட்டார்கள். அந்த வருடம் இவளுக்கு மொழிப் பரீட்சை சரிவரவில்லை, விடுபட்டுப் போனாள். ஒவ்வொரு கோடையும் ஊருக்குப் போய்த் திரும்பும்போது, விமான நிலையத்தில் குடும்பம் சுவிஸ்காரர் வரிசையில், இவள் தனியாக வெளிநாட்டார் வரிசையில். போன முறை கடைக்குட்டி எட்டிப் பார்த்துக் கத்தியிருக்கிறாள், "அப்பா, அம்மா அந்த ஆக்களோட நிக்கிறா!" மகன் டிரென் இப்போது ராணுவப் பயிற்சியில் இருக்கிறான்.

"நாட்டுக்காகச் சாகிறதுக்கு என்ர பெடியனைக் கூப்பிட்டாச்சு. பெத்தவள் எந்த வரிசையில நிக்கிறதெண்டு இன்னும் யோசிக்கினம்" என்றாள் ஒருநாள், படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டே.

ஆக, கிழமைக்கு ஒருநாள் அவள் குசினி மேசையில் பாடம். அவள் பூரெக் சுடுவாள், உள்ளே இறைச்சி வைத்த அவள் ஊர்ப் பலகாரம். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு துண்டுப்பிரசுரத்தை விரிப்பார். நானும் பூரெக்குக்காகப் போய் இருப்பேன்.

"கப்பலில என்ன செய்யலாம், ஃப்ராவ் பெரிஷா?"

"மேல்தட்டில இருந்து மலையைப் பார்க்கலாம். கீழ எஞ்சின் ஓடுறதைப் பார்க்கலாம். கோப்பி குடிக்கலாம்."

"அருமை! கடைசியா எப்ப போனனீங்கள்?"

"போகேல்லை."

"ஒருக்காலுமோ?"

"ஒருக்காலும். நீங்கள் எப்ப போனனீங்கள், ஹெர் அம்ரைன்?"

மனிசன் கூரையைப் பார்த்து யோசித்தார். "பள்ளிக்கூடச் சுற்றுலாவில. ஐஞ்சாம் வகுப்போ, ஆறோ."

மூன்று பேரும் சிரித்தோம். பூரெக் புரைக்கேறி அவருக்கு முதுகில் தட்ட வேண்டியிருந்தது. அவ்வளவு நல்லாச் சிரித்தோம்.

4.

அந்த மேசைக்கு முன்னால் நான் இருக்கவில்லை. வல்போனா சொன்னது, பிறகு கோபம் தணிந்து திருப்பிச் சொன்னது, அம்ரைன் படியில் வைத்துச் சொன்னது, எல்லாவற்றையும் ஒட்டித்தான் இதை எழுதுகிறேன்.

குழுவில் ஐந்து பேர், அம்ரைனும் அதில் ஒருவர். தண்ணீர்ப் போத்தல்கள். மரப்பாலம் எப்போது கட்டினது? சொன்னாள். மதிலில் எத்தனை கோபுரம்? சொன்னாள். எல்லாம் சரி. குழுத் தலைவியம்மா நல்ல மனிசி, ஃபைலை மூடிவிட்டுச் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டா:

"ஞாயிற்றுக்கிழமையில குடும்பமா என்ன செய்வீங்கள்?"

உண்மையான பதில் வல்போனாவின் வாய்க்குள் இருந்தது. நெடுஞ்சாலைக்குப் பின்னால், காட்டோரத்தில் நகரசபை கட்டிவிட்ட அடுப்பு. அக்ரோனின் ஒன்றுவிட்ட தம்பிமார், இறைச்சி, புகை, உரத்த பாட்டு. அது இந்த நகரம்தான். ஆனால் துண்டுப்பிரசுரத்தின் அந்தப் பத்தில் அது இல்லை. அவளுக்கு அன்னமும் பல்லுத் தெரிய நின்ற குடும்பமும் ஞாபகம் வந்தது.

"கப்பலில போவம்" என்றாள். "பிள்ளையளுக்குச் சரியான விருப்பம். எவ்வளவு வடிவான ஏரி!"

எல்லார் முகமும் மலர்ந்தது. "எனக்கும் ஆசைதான்," என்றா தலைவியம்மா, "என்ர மனிசனுக்குத் தலை சுத்தும், அதால நாங்கள் போறேல்லை."

அம்ரைன் பேனையை மூடி வைத்தார்.

[இந்த இடத்தில் அவரை இருமப் பண்ணினேன். அடுத்த வரைவில் அவர் போனை அடிக்க வைத்தேன். அதற்கடுத்ததில் வாயில் தண்ணீரை ஊற்றினேன். அந்த ஒரு நிமிடம் கடந்தால் போதும், அவள் தப்பிவிடுவாள். ஒன்றும் சரிவரவில்லை. தண்ணீரை விழுங்கிவிட்டுச் சொன்னார்.]

"மன்னிக்கவேணும். ஃப்ராவ் பெரிஷா ஒருக்காலும் கப்பலில போகேல்லை. எனக்கு அவவே சொன்னவ."

முடிவு தபாலில் வந்தது. உண்மைக்கு மாறான தகவல் தந்ததால் நிராகரிப்பு. இரண்டு வருடம் கழித்துத் திரும்ப விண்ணப்பிக்கலாம்.

5.

படியில் மறித்துக் கேட்டேன். "ஏன் சொன்னனீங்கள்?"

"தெரிஞ்ச ஆள் எண்டு சொல்லி நான் எழும்பிப் போயிருக்கலாம், ஃப்ராவ் இன்பா. போகேல்லை. என்ர வாக்கு அவவுக்கு விழவேணும் எண்டுதான் இருந்தனான். ஆனா பொய்யைக் கேட்டுக்கொண்டு எப்பிடிச் சும்மா இருக்கிறது? நீங்கள் எண்டால் இருப்பியளோ?"

"வடிவா இருப்பன்."

அவருக்கு உண்மையிலேயே அதிர்ச்சி. கண் சிவந்திருந்தது. நித்திரையில்லை என்று தெரிந்தது. அதுதான் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அவர் ஒரு பொல்லாதவராக இருந்திருந்தால் கதையை முடித்துப்போட்டு நான் நிம்மதியாகப் படுத்திருப்பேன்.

"ஆயிரம் பொய் சொல்லியும் ஒரு கலியாணத்தைச் செய் எண்டு எங்கட ஊரில சொல்லுவினம்" என்றேன்.

அவர் கவனமாக யோசித்தார். "பிறகு அந்தக் கலியாணத்துக்கு என்ன நடக்கும்?"

என்ன நடக்கும்! அறுபது வருடம் சண்டை பிடித்துக்கொண்டு சேர்ந்து இருப்பார்கள். என் தாய் தகப்பன் இருக்கவில்லையா? இதை டொச்சில் எப்படிச் சொல்வது என்று நான் தேடும்போது அவர் கதவைச் சாத்திவிட்டார்.

நான் கட்டுரை எழுத வெளிக்கிடவில்லை. ஆனால் ஒன்று சொல்லத்தான் வேண்டும். அந்த மேசையில் இருந்த மற்ற நாலு பேருக்கும் அவளைத் தெரியாது. அதனால் அவர்கள் அவளை நம்பினார்கள். அவளைத் தெரிந்த ஒரே ஒருவர், அவள் கையால் சாப்பிட்ட ஒருவர், அவர்தான் கவிழ்த்தார். பிறத்தியாரோடு பழகவேணும், அயலவரோடு ஒட்டவேணும் என்று எங்களுக்குத் தலைதலையாய் அடித்துச் சொல்கிறார்கள். வல்போனா ஒட்டினாள்.

6.

முடிவுகள்.

அ) அவளுக்குப் பாஸ்போர்ட் கிடைக்கிறது, விமான நிலையத்தில் கடைக்குட்டியின் கையைப் பிடித்தபடி— எழுதினேன். வாசித்துப் பார்த்தேன். கிழித்தேன்.

ஆ) அம்ரைனை மாரடைப்பில் கொன்றேன். மூன்று வரியில். அடுத்த நாள் படியில் பேரிக்காய்ப் பையோடு எதிரே வந்தார். "குட்டன் மோர்கன், ஃப்ராவ் இன்பா!" எனக்கு முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. திரும்ப உயிர் கொடுத்துவிட்டேன்.

இ) உண்மையில் நடந்தது. இதை நான் கற்பனை செய்திருந்தால் என்னை மெச்சியிருப்பேன். அம்ரைன் மேலே போய் வல்போனாவின் கதவைத் தட்டினார். கையில் இரண்டு கப்பல் ரிக்கெற்.

"ஞாயிறு, மத்தியானக் கப்பல், ஃப்ராவ் பெரிஷா. ஒண்டு உங்களுக்கு, ஒண்டு எனக்கு. ரெண்டு வருஷத்தால திரும்பக் கேக்கேக்க நீங்கள் ஓம் எண்டு சொல்லலாம், அது உண்மையா இருக்கும். இவ போனவ, நான் கண்ணால கண்டனான் எண்டு நானும் சொல்லுவன். சாட்சி வேணும்தானே?"

மனிசன் பரிகாரம் தேடி வந்திருக்கிறார். முழு மனதோடு வந்திருக்கிறார்! வல்போனா நன்றி சொல்லி வாங்கி, ஒரு தட்டில் பூரெக்கும் வைத்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். அதைச் சொல்லிக்கொண்டே ஒரே விரிப்பை மூன்று தரம் பிரித்து மடித்தாள்.

"ஏனடி பூரெக் குடுத்தனீ?"

"வீட்டுக்கு வந்தவரை வெறுங்கையோட அனுப்பச் சொல்லுறியோ?"

7.

இன்றைக்கு ஞாயிறு. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அம்ரைன் படி இறங்கும் சத்தம் கேட்டது. ஜன்னலால் பார்த்தேன். ஸ்திரி போட்ட சட்டை, தொப்பி. கண்டறியாத கப்பலுக்கு ஒரு கழுத்துப்பட்டி வேறு. கப்பல் துறையில் போய் நிற்பார். கப்பல் வரும்வரை நிற்பார், வந்து போன பிறகும் கொஞ்ச நேரம் நிற்பார். ஆளை எனக்குத் தெரியும்.

கொஞ்சம் கழித்து என் கதவு தட்டப்பட்டது. வல்போனா, கோட்டோடு.

"போனால், பிடிச்சுதோ எண்டு கேப்பார்" என்றாள். "பிடிச்சுது எண்டு சொன்னால் அது பொய். பிடிக்கேல்லை எண்டு சொன்னால் அதையும் கொண்டுபோய் அந்த மேசையில வைப்பார். அந்தாளுக்கு வைக்காமல் இருக்கத் தெரியாது."

"போகாட்டி?"

"ரெண்டு வருஷத்துக்குப் பிறகும் அந்தக் கதிரையில அவர்தான் இருப்பார், இன்பா."

என் அலுமாரிக்கு மேலே என்னுடைய விண்ணப்பமும் பாதி நிரப்பிக் கிடக்கிறது. போன கிழமைதான் அம்ரைன் கேட்டார், "அடுத்தது நீங்கள்தானே? நான் சொல்லித் தாறன்." நானும் கப்பலில் போனதில்லை. இதை அவருக்கு நான் இன்னும் சொல்லவில்லை.

"நீ எழுதிறனிதானே," என்றாள் வல்போனா. "நீயே சொல்லு. என்னை ஏத்துவியோ, விடுவியோ?"

தலைப்பைக் காலையிலேயே எழுதிவிட்டேன், நீங்கள் பார்த்தீர்கள்தானே. அதை அடிக்க இன்னும் நேரம் இருக்கிறது. நீங்களே முடிவைச் சொல்லுங்கோ. நீங்கள் ஒரு நாளைக்கு இங்கே வருவீர்கள். பாலத்தைப் பார்ப்பீர்கள், அன்னத்துக்கு முன்னால் நின்று படம் எடுப்பீர்கள், கப்பலில் ஏறுவீர்கள். பிடித்தால் பிடித்தது என்பீர்கள், பிடிக்காவிட்டால் காசு தண்டம் என்று திட்டிக்கொண்டு இறங்குவீர்கள். ஒருவரும் அதை எழுதி வைக்கப் போவதில்லை.

உள்ளே வா, கோப்பி போடுறன் என்றேன். அவள் இன்னும் வாசலில்தான் நிற்கிறாள். சப்பாத்தைக் கழற்றவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை.