செருமல்

1

இந்தக் கதை அம்மா கேட்ட ஒரு கேள்வியிலிருந்து வந்தது. "அடுத்தது எப்படா வரும்?" பதில் சொல்ல முடியாமல் எழுத உட்கார்ந்துவிட்டேன். கதை எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு வசதி.

முதலில் எழுதியது: "என் அண்ணன் ஒரு இசைக்கலைஞன். அவனுக்குப் பல பெயர்கள்." மோசடி வழக்குச் செய்தி மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன்.

அடுத்தது: "லிஃப்ட் மோட்டாரின் முனகலில் ஒரு மனிதனின் தனிமை..." சே! நேராகவே சொல்லித் தொலைக்கிறேன்.

2

அண்ணன் லிஃப்ட் மோட்டார், ஃப்ரிட்ஜின் உறுமல், பீரோக் கதவின் கிறீச்சு எல்லாவற்றையும் பதிவுசெய்து, இழுத்து, மெதுவாக்கி, இசை என்று இணையத்தில் வெளியிடுவான். முதல் தொகுப்பைச் சொந்தப் பெயரில் போட்டு அம்மாவிடம் ஆசையாகக் காட்டினான்.

"இந்த இரைச்சலுக்கு நாங்க வெச்ச பேரைப் போடாதே" என்றாள் அம்மா.

வீம்புக்காரன். அண்ணியோடு தனி வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு அந்தப் பெயரையும் போடவில்லை, அம்மாவிடம் பேசவும் இல்லை. ஈரச்சுவர், துரு, மூன்றாவது ஆள் என்று தொகுப்புக்கு ஒரு புனைபெயர். இவர்கள் யாரென்று இசையைக் கேட்பவர்களுக்குத் தெரியாது.

அம்மாவுக்குத் தெரியும்.*

(* பதிவுப் பொத்தானை அழுத்தியதும் தொண்டையைச் செருமுவது அவன் வழக்கம். அதை வெட்ட மறந்துவிடுவான். மறந்தானா, வேண்டுமென்றே விட்டானா என்பதில் எனக்கும் அண்ணிக்கும் ஒத்துப்போகாது.)

புதிதாக எது வந்தாலும் என் போனை வாங்கிக் காதில் வைத்துக்கொள்வாள். செருமல் கேட்டதும் திருப்பிக் கொடுத்துவிடுவாள். "இருக்கான்" என்பாள். அதற்குப் பிறகு வரும் இசையை அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

3

(இந்தப் பகுதியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.)

போன மழைக்காலத்தில் அண்ணன் செத்துப்போனான். சாலை விபத்து. அம்மா அப்போது இதய அறுவைசிகிச்சை முடிந்து மருத்துவமனையில் கிடந்தாள். அதிர்ச்சி கூடாது என்றார் டாக்டர். தேறட்டும், சொல்லலாம் என்றோம். தேறிவிட்டாள். சொல்லத்தான் எங்களுக்கு வாய் எழவில்லை. ஊர்வாயை மூட முடியாது என்பார்கள். கெஞ்சிக் கூத்தாடி மூடினோம்.

அவன் கணினியில் வெளியிடாத தொகுப்புகள் சில மிச்சமிருந்தன. அண்ணி தானே பெயர் வைத்து ஒவ்வொன்றாக வெளியிட்டாள். எல்லாவற்றிலும் செருமல் இருந்தது. அவையும் தீர்ந்தபோது, தானே ஒன்றைச் செய்து, பழைய செருமலை முன்னால் ஒட்டினாள்.

அம்மா அதைக் கேட்டுவிட்டுப் போனைத் திருப்பித் தரவில்லை.

"இது சளி பிடிச்சிருந்தப்போ செருமினது. முன்னாடியே கேட்டிருக்கேன்" என்றாள். போனை மடியில் வைத்துக்கொண்டாள். "புதுசா ஒண்ணு போடச் சொல்லு. அவன் பேரையே போடச் சொல்லு. அம்மா சொன்னான்னு சொல்லு."

4

முடிவுகள்.

ஒன்று: அம்மாவுக்கு முதலிலிருந்தே எல்லாம் தெரியும். (கதைகளில் வரும் அம்மாக்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கும், எழுதுகிறவன் தப்பித்துக்கொள்ளலாம். என் அம்மா நம்பிக்கொண்டிருக்கிறாள்.)

இரண்டு: நான் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, அம்மா, அண்ணன்

(முடியவில்லை.)

மூன்றாவது முடிவு அண்ணியுடையது. இன்று மதியம் என்னைத் தன் வீட்டுக்கு, அண்ணனின் அறைக்குக் கூப்பிட்டாள். மேசையில் மைக் தயாராக இருந்தது.

"உங்க அண்ணன் தொண்டைதான் தம்பி உங்களுக்கும். போன்ல நானே ஏமாந்திருக்கேன். ஒரே ஒரு தடவை செருமுங்க. அவர் பேரைப் போட்டே விட்டுடலாம்."

இது ஏமாற்று வேலை என்றேன். நீங்கள் கதை எழுதுவது மட்டும் என்னவாம் என்றாள். பிறகு மெதுவாக, "இல்லேன்னா நீங்களே போய் அத்தைகிட்ட சொல்லிடுங்க. என்னால முடியாது" என்றாள்.

5

சிவப்பு விளக்கு எரிகிறது. அண்ணி ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்களை மூடியிருக்கிறாள். அம்மாவுக்காக மட்டும்தானா இது என்று நான் கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

செருமினால் அண்ணன் இருக்கிறான், அம்மா சமாதானமாகப் போடச் சொல்லி அனுப்பிய பெயரோடு. எழுந்து போனால் நேரே அம்மாவிடம்தான் போகவேண்டும். அவள் போனுக்காகக் கையை நீட்டுவாள்.

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. தொண்டை நிஜமாகவே அடைத்திருக்கிறது. இவ்வளவு தூரம் கூடவே வந்த நீங்கள் சொல்லுங்கள், செருமட்டுமா?