சராசரி சரிதான்

ஆய்வகக் குழாய்க்குள் நொதி தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க, சுகிர்தா காலையில் வந்த ரயிலை நினைத்துக்கொண்டிருந்தாள். கும்மிடிப்பூண்டி வண்டியின் நடுப்பெட்டிகளில் மூச்சுவிட இடமில்லை. கடைசிப் பெட்டியில் காலை நீட்டித் தூங்கலாம். மொத்த ஆளைப் பெட்டிக் கணக்கால் வகுத்தால் எல்லாருக்கும் இடமிருப்பதாகத்தான் வரும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சராசரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

செல்லுலோஸ் சங்கிலியும் அப்படித்தான். பஞ்சுக்கூழில் காரக் கரைசலைத் தெளித்து, வாயுவைச் செலுத்திப் பிசைந்தால், சங்கிலி நெடுகச் சின்னச்சின்ன ரசாயனக் குழுக்கள் வந்து ஒட்டும். எவ்வளவு ஒட்டியது என்பதுதான் கம்பெனிக்குக் கணக்கு. எங்கெங்கே ஒட்டியது என்பதைச் சுகிர்தாதான் ஆசைப்பட்டுப் பார்ப்பாள். ஒன்றும் ஒட்டாத இடங்கள் தண்ணீரில் கரையாது; அவற்றை நொதி கடித்துத் துண்டாக்கும். துண்டுகளை வைத்து முழுச் சங்கிலியையும் ஊகிக்கலாம். கண்ணை மூடினால் அந்தச் சங்கிலி ஒரு பாதைபோலப் பனிக்குள் போய்க்கொண்டேயிருக்கும், அவளும் கூடவே நடப்பாள். இன்று நெடுந்தூரம் நடந்தும் ஒட்டிய குழு ஒன்றையும் காணோம். பிறகு திடீரென்று ஒரே நெரிசல்.

அது அவள் கணவன் ஸ்டீபன் பிசைந்த சரக்கு. தெளிப்பான் அடைத்துக்கொண்டதால் காரத்தை ஒரேயடியாக ஊற்றிவிட்டதாக ரயிலில் அவனே சிரித்துக்கொண்டு சொன்னான். அவன் வருஷக்கணக்காகக் காண்ட்ராக்ட், இந்த வாரம்தான் நிரந்தரமாக்கும் பேச்சு வந்திருக்கிறது. சுகிர்தா எழுந்து கிடங்குக்குப் போய்த் திரும்பி வந்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் ஸ்டீபன் வாசலில் நின்றான்.

"நம்பர் கரீட்டா வந்துச்சில்ல? அப்பறம் இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கி வச்சிக்கினு கீற?"

"சராசரி கரீட்டாதான் கீது. ஆனா இது கண்ணுல வுடற மருந்துக்குப் போவுதுங்க."

அவள் காலையில் அந்தச் சரக்கைக் கரைத்துவைத்த கண்ணாடிக் குவளையை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. நடுவில் மட்டும் ஜவ்வரிசி போலச் சில துணுக்குகள் மிதந்தன. வெகுநேரம் பார்த்தான். பிறகு குவளையை மேஜையில் வைத்து, கண்ணாடிக் கோலை எடுத்துக்கொண்டான்.

"கலக்கினா கரைஞ்சிடும்," என்றான் தணிந்த குரலில்.

அந்தச் சரக்கு வெளியே போகாதபடி பீப்பாய்களில் சிவப்புச் சீட்டைத் தானே ஒட்டிவிட்டு வந்ததை அவள் சொல்லவில்லை. நாற்காலியை அவனுக்கு இழுத்துப்போட்டாள். அவன் உட்கார்ந்து, சத்தமே வராமல், மெதுவாகக் கலக்கிக்கொண்டிருந்தான். துணுக்குகள் வெயிலில் மின்னி, சுற்றிச் சுற்றி வந்தன.